கறள், கடல் உப்பு, கறுப்பு மணல்: பொருளையும் மாற்றத்தையும் பிரித்தறிவது எப்படி?

“சீமெந்து காய்ஞ்சிட்டுது.” “சீனி தேத்தண்ணிக்குள்ள உருகிட்டுது.” “விறகு எரிஞ்சு ஒண்டுமில்லாமப் போச்சுது.” “இதில கெமிக்கல் ஒண்டும் இல்லை.”

திருகோணமலையில் எந்தக் கடைவாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் இவற்றில் ஒன்று காதில் விழும். பேச்சுக்கு இவை போதும். இரசாயனவியல் என்று வந்தால் நான்குமே பிழை. சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. சீனி தேநீரில் உருகுவதில்லை. எரிந்த விறகு இல்லாமல் போவதில்லை. கெமிக்கல் இல்லாத பொருள் என்று ஒன்று கடையிலும் கிடைக்காது, காட்டிலும் கிடைக்காது.

இவற்றோடு, பிள்ளைகள் பாடமாக்கி வைத்திருக்கும் ஐந்தாவது பிழை ஒன்றும் உண்டு: “பௌதிக மாற்றம் மீளக்கூடியது, இரசாயன மாற்றம் மீளாதது.” பரீட்சைத் தாளில் பல வேளைகளில் இது கைகொடுத்துவிடுவதால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டுகிறது. ஆனால் மாற்றத்தைப் பற்றிப் பேசுமுன், மாறுவது எது என்று தெரிய வேண்டும்.

## சடப்பொருள்: எடை உண்டா, இடம் பிடிக்குமா?

திணிவும் இருந்து இடத்தையும் அடைக்கும் எதுவும் சடப்பொருள். கல், கடல்நீர், கருவாடு எல்லாம் இதில் அடங்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. சந்தேகம் வருவது காற்றில்தான். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்று வையுங்கள். அந்த அறையை நிறைத்திருக்கும் காற்றின் எடை 30 கிலோவுக்கு மேல். ஒரு லீற்றர் காற்று ஏறத்தாழ 1.2 கிராம். ஒரு லீற்றரில் தெரியாத எடை ஓர் அறையளவில் அரை மூட்டை சீமெந்தைத் தாண்டிவிடுகிறது.

வெளிச்சம், வெப்பம், ஒலி ஆகியவை சடப்பொருள் அல்ல. அவை சக்தியின் வடிவங்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு கிணற்றுக்குக் கிணறு வேறாக இருக்கும். கூடச் சூடான கிணற்று நீரில் “வெப்பம்” என்று ஒரு சரக்குக் கூடுதலாகக் கலந்திருக்கவில்லை. அதே நீரின் துணிக்கைகள் இன்னும் வேகமாக அசைகின்றன, அவ்வளவுதான்.

திண்மம், திரவம், வாயு என்ற மூன்று நிலைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. வள்ளத்தில் மீன் பழுதாகாமல் போடும் ஐஸ், அது உருகி வடியும் தண்ணீர், அந்தத் தண்ணீர் வெயிலில் ஆவியாவது: மூன்றும் ஒரே பொருள்தான், நிலைதான் வேறு.

## எழுத்து, சொல், வெட்டிய தாள்

இனி வகைப்படுத்தல். தமிழ் எழுத்துகளையே எடுத்துக்கொள்வோம்.

‘கடல்’ என்ற சொல்லிலிருந்து ‘ட’வை எடுத்துவிட்டால் ‘கல்’. ஓரெழுத்துத்தான் போனது, அர்த்தமோ முழுதாக மாறிவிட்டது. பத்திரிகையிலிருந்து சொற்களை வெட்டி ஒரு பெட்டியில் போட்டுக் குலுக்கினால் அப்படி ஒன்றும் நடக்காது. எந்தச் சொல்லும் உருக்குலையவில்லை. பொறுமை இருந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிடலாம்.

எழுத்துக்கு ஒப்பானது மூலகம். ஒரே வகை அணுக்களால் மட்டும் ஆன பொருள் அது. இரும்பு, செம்பு, ஒட்சிசன், காபன் எல்லாம் மூலகங்கள். இன்று வரை அறியப்பட்டவை 118. மூலகத்தின் தன்மையைக் காட்டும் மிகச் சிறிய துணிக்கைதான் அணு.

சொல்லுக்கு ஒப்பானது சேர்வை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மூலகங்கள், மாறாத ஒரு விகிதத்தில், இரசாயன முறையில் பிணைந்து உண்டாவது. நீர் ஒரு சேர்வை. கொழும்பில் பிடித்தாலும் கொட்டியாரத்தில் பிடித்தாலும் தூய நீரில் 1 கிராம் ஐதரசனுக்கு 8 கிராம் ஒட்சிசன். இந்த விகிதத்தில் பேரம் பேச முடியாது. பேசினால் கடல் கல்லாகிவிடும். ஒரு காபன் அணுவோடு இரண்டு ஒட்சிசன் அணுக்கள் சேர்ந்தால் காபனீரொட்சைட்டு, சோடாப் போத்தலில் நுரைப்பது. ஒரேயொரு ஒட்சிசன் சேர்ந்தால் காபனோரொட்சைட்டு, மூடிய அறையில் கரி எரிக்கும்போது ஆளைக் கொல்வது.

சேர்வைக்கு அதன் மூலகங்களின் குணம் இராது என்பதையும் இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். சோடியம் தண்ணீர் பட்டால் சீறி எரியும் உலோகம். குளோரீன் நச்சு வாயு. இரண்டும் பிணைந்தது சோற்றுக்குப் போடும் உப்பு.

வெட்டிய தாள்பெட்டிதான் கலவை. பொருள்கள் ஒன்றோடொன்று பிணையாமல், எந்த விகிதத்திலும் கூடி இருப்பது. எந்தப் பகுதியை எடுத்தாலும் ஒரே மாதிரி இருந்தால் அது ஏகவினக் கலவை, உப்புக் கரைத்த தண்ணீர் போல. கூறுகள் வேறுவேறாகத் தெரிந்தால் பல்லினக் கலவை, மணலும் சிப்பியும் போல. மூலகமும் சேர்வையும் ஒவ்வொன்றும் ஒரே பொருளால் ஆனவை என்பதால் அவற்றைத் தூய பதார்த்தங்கள் என்பார்கள்.

‘தூய’ என்ற சொல் கடையில் ஒன்று, ஆய்வுகூடத்தில் இன்னொன்று. “சுத்தமான பால்” என்றால் கடைக்காரருக்குத் தண்ணீர் கலக்காத பால். இரசாயனவியலுக்கோ எந்தப் பாலும் கலவைதான்: நீர், கொழுப்பு, புரதம், பால்வெல்லம், உப்புகள். அதேபோல “கெமிக்கல் இல்லை” என்பவர் சொல்ல வருவது பூச்சிநாசினியோ செயற்கை நிறமோ இல்லை என்பதைத்தான். அது நியாயமான கவலை. ஆனால் சொல் பொருந்தாது. தண்ணீரே ஓர் இரசாயனப் பொருள், தேசிக்காய்ப் புளியில் இருப்பது சித்திரிக்கமிலம். கேட்க வேண்டிய கேள்வி “எந்தக் கெமிக்கல், எவ்வளவு” என்பது.

இவ்வளவில் கையில் இருப்பவை மூன்று. மூலகம் ஒரே வகை அணு. சேர்வை மாறா விகிதத்தில் பிணைந்தது. கலவை எந்த விகிதத்திலும் கூடியது, ஒவ்வொன்றும் தன் குணத்தை விடாதது.

## கடல்நீர்: விகிதம் மாறும், உப்பு மாறாது

கடல்நீர் கலவை என்பதற்குத் திருகோணமலையில் நல்ல சாட்சி உண்டு. திறந்த கடலில் ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவில், மாரி மழையில் ஆறு பெருகும்போது, இந்த அளவு குறைந்துவிடும். கடல்நீர் ஒரு சேர்வையாக இருந்தால் இப்படி இடத்துக்கும் மாதத்துக்கும் ஏற்ற மாதிரி மாற முடியாது.

அந்த 35 கிராமும் சாப்பாட்டு உப்பு அல்ல. சோடியம் குளோரைட்டு, அதாவது சாப்பாட்டு உப்பு, சுமார் 27 கிராம். மிச்சம் பெரும்பாலும் மகனீசியம், கல்சியம், பொற்றாசியம் உப்புகள். நிலாவெளிப் பக்கத்து உப்பளங்களில் கச்சான் காற்று வீசும் வரண்ட மாதங்களில் நடக்கும் வேலையே இவற்றை ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கழிப்பதுதான். நீர் ஆவியாக ஆவியாக, குறைவாகக் கரையக்கூடியது முதலில் படியும். முதலில் கல்சியம் காபனேற்று. நீர் ஐந்தில் ஒரு பங்காக வற்றும்போது ஜிப்சம், அதாவது கல்சியம் சல்பேற்று. பத்தில் ஒரு பங்காக வற்றும்போதுதான் சாப்பாட்டு உப்பு பளிங்காகத் தொடங்கும். அதனால்தான் ஒரே பாத்தி போதாது, நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்ற வேண்டியிருக்கிறது. கடைசியில் மகனீசியம் உப்புகள் செறிந்த கசப்பு நீர் எஞ்சும். அதை வடித்துவிட வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்கலாம். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி எடுத்த ஒரு லீற்றர் கடல்நீரை நான்காக மடித்த வெள்ளைத் துணியில் வடியுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சுங்கள். அலுமினியம் வேண்டாம், உப்புநீர் அதை அரித்துக் குழிவிழுத்தும். 200 மில்லிலீற்றராக வற்றும்போது வெண்மையாகக் கலங்கும், இன்னொரு முறை வடியுங்கள். பிறகு நெருப்பைக் குறையுங்கள், இல்லாவிட்டால் சூடான உப்புத்துகள் தெறிக்கும். 30 மில்லிலீற்றர் அளவு எஞ்சியதும் நிறுத்தி, மேலே நிற்கும் நீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு உப்பை வெயிலில் உலர்த்துங்கள். துளி நீரும் இல்லாமல் வற்ற வைப்பதுதான் வழக்கமான பிழை. அப்படிச் செய்தால் மகனீசியம் உப்புகளும் சேர்ந்து படிந்துவிடும். உப்பு கசக்கும், அடுத்த நாளே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசகசக்கும்.

முழு வேலையிலும் புதிய பொருள் ஒன்றும் பிறக்கவில்லை. உப்பு முன்பும் உப்பு, பின்பும் உப்பு.

## கறுப்பு மணல்: காந்தம் எங்கே நிற்கும், எங்கே நிற்காது

மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் புல்மோட்டைக் கடற்கரை மணல் கறுத்திருக்கும். அதில் இல்மனைற்று, றூற்றைல், சிர்க்கன் முதலிய கனிமங்கள் கலந்து கிடக்கின்றன. அங்கே நடக்கும் பிரிப்பு, கலவை என்ற சொல்லுக்கு ஒரு பாடநூலே எழுதலாம் போன்றது. பாரமான கனிமத்தையும் இலேசான சாதாரண மணலையும் நீரோட்டத்தில் பிரிக்கலாம். இல்மனைற்றைக் காந்தம் இழுக்கும், றூற்றைலையும் சிர்க்கனையும் விட்டுவிடும். எஞ்சிய இரண்டில் றூற்றைல் மின்னைக் கடத்தும், சிர்க்கன் கடத்தாது. உயர் மின்னழுத்தத்தைக் கொண்டு அவற்றையும் பிரித்துவிடலாம். அடர்த்தி, காந்தம், மின் ஆகிய மூன்றும் பௌதிக இயல்புகள். ஒவ்வொரு மணியும் தன் குணத்தை வைத்திருப்பதால்தான் இது முடிகிறது.

ஆனால் இல்மனைற்றுக்குள்ளே இரும்பும் தைற்றேனியமும் ஒட்சிசனும் இருக்கின்றன. இரும்பைக் காந்தம் இழுக்கும் என்று நினைத்து, இல்மனைற்றை மாவாக அரைத்துக் காந்தம் பிடித்தால் இரும்பு தனியே வருமா? வராது. எவ்வளவு நுண்ணிய தூளாக அரைத்தாலும் கிடைப்பது சின்னச் சின்ன இல்மனைற்றுத்தான். இங்கே மூன்றும் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை அறுக்கக் காந்தம் போதாது. அமிலத்தோடு தாக்கமுற வைப்பது போன்ற இரசாயன வழி வேண்டும். அப்படிப் பெறும் தைற்றேனியமீரொட்சைட்டு பளீரென்ற வெள்ளைத் தூள். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ற்றின் வெண்மை பெரும்பாலும் அதனால்தான். கறுப்பு மணலிலிருந்து வெள்ளைப் பெயின்ற்! மணலைப் பிரித்தது வரைக்கும் பௌதிகம், கறுப்பு வெள்ளையான இடத்திலிருந்து இரசாயனம்.

சாதாரணக் கடற்கரைகளிலும் அலை ஒதுக்கிய கறுப்புக் கோடுகள் தென்படும். ஒரு பிடி உலர்ந்த மணலில் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். காந்தத்தை முதலில் பொலித்தீன் பையால் சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிய துகளை உதிர்க்கவே முடியாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் இல்மனைற்றுக்குப் பலம் காணாது, பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தம் சரிவரும். ஈர மணலில் எந்தக் காந்தமும் தோற்கும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால்.

## மாற்றம்: கேள்வி ஒன்றுதான்

பொருளின் நிலையோ வடிவமோ அளவோ மட்டும் மாறி, பொருள் அதுவாகவே இருந்தால் அது பௌதிக மாற்றம். பழைய பிணைப்புகள் அறுந்து புதிய பிணைப்புகள் உண்டாகி, வேறு பொருள் தோன்றினால் அது இரசாயன மாற்றம்.

ஆகவே கேட்க வேண்டியது “திரும்பப் பெறலாமா?” என்பதல்ல. “முன்பு இருந்தது என்ன பொருள், இப்போது இருப்பது என்ன பொருள்?” என்பதுதான்.

மீள்தன்மை ஏன் நல்ல அளவுகோல் அல்ல? சீனக்குடா ஆலையில் கோதுமை மாவாகிறது. மாவை மறுபடி கோதுமை மணியாக்க யாராலும் முடியாது. அது பௌதிக மாற்றமே, மணிக்குள் இருந்த மாப்பொருளும் புரதமும்தான் மாவிலும் இருக்கின்றன. தேங்காய் துருவுவதும் அப்படித்தான், கண்ணாடி உடைவதும் அப்படித்தான். மீளாத பௌதிக மாற்றங்கள் சமையலறை நிறைய இருக்கின்றன. அதே சமையலறையில் அரிசிமாவை வறுக்கும்போது வாசம் கிளம்பி நிறம் மாறுகிறதே, அந்த இடத்தில் இரசாயனம் தொடங்கிவிட்டது. இடித்தது பௌதிகம், வறுத்தது இரசாயனம், பிட்டு ஒன்றுதான்.

இப்போது மறுபக்கம். வெள்ளைச் சட்டையில் கறி சிந்தியிருக்கிறது. மஞ்சள் கறை. சவர்க்காரம் போட்டதும் அது குப்பென்று சிவக்கிறது. பலரும் கறை கூடிவிட்டது என்று பதறி இன்னும் தேய்ப்பார்கள். நன்றாக அலசியதும், அல்லது தேசிக்காய்ச் சாறு பட்டதும், பழையபடி மஞ்சள். சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது. அது மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமினிலிருந்து ஐதரசனைப் பறிக்கிறது. அமைப்பு மாறிய குர்க்குமின் ஒளியை வேறு விதமாக உறிஞ்சுவதால் சிவப்பாகத் தெரிகிறது. தேசிக்காயின் அமிலம் பறிபோன ஐதரசனைத் திருப்பிக் கொடுக்கிறது. இது இரசாயன மாற்றம், ஒரு நிமிடத்தில் மீளவும் செய்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து மரபுமுறையில் செய்யும் குங்குமத்தின் சிவப்பும் இதேதான். முச்சக்கரவண்டி பற்றரியைச் சார்ஜ் பண்ணுவதும் மீளும் இரசாயன மாற்றமே. மீளாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதுப் பற்றரி வாங்க வேண்டியதுதான்.

## உருகுவதும் கரைவதும்

உருகுவதற்கு ஒரு பொருளும் வெப்பமும் போதும். கரைவதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும், ஒன்று மற்றதற்குள் பரவ வேண்டும். தேநீரில் சீனி கரைகிறது. வெறும் கரண்டியில் சீனியைப் போட்டு நெருப்பில் பிடித்தால்தான் உருகும். அதுவும் நெடுநேரம் சும்மா உருகிக்கொண்டிராது. பொன்னிறமாகி, கபிலமாகி, புகைந்து, கடைசியில் கரிக்கட்டியாகும். கபிலம் தொடங்கிய இடத்திலேயே சீனி சிதையத் தொடங்கிவிட்டது. கரண்டியில் எஞ்சிய கரிக்குத் தேநீரை இனிப்பாக்கத் தெரியாது.

உப்பு நீரில் கரைவது எந்த வகை என்று நுணுக்கமாக வாதாடுவோர் உண்டு, துணிக்கைகள் தனித்தனியே பிரிவதால். தொடக்க நிலைக்கு அதைப் பௌதிக மாற்றம் என்று வைத்துக்கொள்வதே சரி. நீரை வற்ற வைத்தால் அதே உப்பு கையில் வருகிறது.

## அடையாளங்கள் பொய் சொல்லும்

நிறம் மாறுதல், வாயு வெளியேறல், வெப்பம், வீழ்படிவு (கரைசலிலிருந்து பிரிந்து படியும் திண்மம்), மணம். இவை இரசாயன மாற்றத்தின் அடையாளங்கள் என்று எழுதச் சொல்வார்கள். அடையாளம் சரி, தீர்ப்பு அல்ல. குமிழியை மட்டும் பார்ப்போம்.

கேத்தல் தண்ணீர் சூடேறத் தொடங்கியதும் ஓரத்தில் சின்னக் குமிழிகள் ஒட்டும். அவை நீரில் கரைந்திருந்த காற்று. தளதளவென்று கொதிக்கும்போது எழும் பெரிய குமிழிகள் காற்று அல்ல, பலர் நினைப்பதுபோல் ஐதரசனும் ஒட்சிசனும் அல்ல. அவை நீராவி, அதாவது நீரேதான். ஒரு கிராம் நீர் ஆவியானால் 1.7 லீற்றர் இடம் பிடிக்கும், அதனால்தான் அந்தக் கொந்தளிப்பு. பௌதிகம். சோடாப் போத்தலைத் திறந்ததும் வருவது அமுக்கத்தில் கரைந்து கிடந்த காபனீரொட்சைட்டு. அதையும் பௌதிகம் என்றே கொள்ளலாம். ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம், அப்பச்சோடாவில் 75 மில்லிலீற்றர் வினாகிரி ஊற்றினாலும் காபனீரொட்சைட்டுத்தான் வரும், ஏறத்தாழ ஒன்றரை லீற்றர். ஆனால் இந்த வாயு முன்பு அங்கே வாயுவாக இருக்கவில்லை, அப்போதுதான் உண்டானது. அதனால் இது இரசாயனம். மூன்று இடத்திலும் கண்ணுக்குத் தெரிவது குமிழிதான்.

## கறள்: கடற்கரை ஊரின் தலையிடி

இரும்பு, ஒட்சிசன், நீர் மூன்றும் சேர்ந்தால் கறள். கறள் நீரேறிய இரும்பு ஒட்சைட்டு. மினுங்காது, காந்தத்துக்குச் சரியாக மசியாது, விரலால் தேய்த்தால் உதிரும். சீனக்குடாக் காட்டுக்குள் நிற்கும் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகளின் தகட்டில் செம்மண் நிறத்தில் உதிர்வது இதுதான். உப்பு கறளுக்குள் சேர்வதில்லை, நீரை நன்கு மின்கடத்தும் நீராக்கி வேலையை விரைவாக்குகிறது. அதனால்தான் கடற்கரை வீட்டுக் கேற்றுக்கு ஆயுள் குறைவு.

நான்கு ஜாம் போத்தல்களும் நான்கு இரும்பு ஆணிகளும் போதும், ஒரு கிழமையில் பார்த்துவிடலாம். முதலாவதில் கிணற்றுநீர், ஆணி பாதி மூழ்க. இரண்டாவதில் கடல்நீர், அதேபோல. மூன்றாவதில் பத்து நிமிடம் கொதித்த நீரை விளிம்புவரை ஊற்றி ஆணியைப் போட்டு, மேலே ஒரு சென்ரிமீற்றர் தேங்காயெண்ணெய். நான்காவதில் தண்ணீரே இல்லை, சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரமுறிஞ்சிப் பக்கற்றுகள் நான்கைந்து, மூடி இறுக்கி. முதல் இரண்டும் கறள் பிடிக்கும், கடல்நீர் முந்தும். மற்ற இரண்டும் பிடிக்கக் கூடாது.

மூன்றாவது போத்தலில்தான் பெரும்பாலும் பிழைக்கும். கொதித்த நீரை ஆறவிட்டு ஊற்றினால், ஆறும் நேரத்தில் காற்று மறுபடி கரைந்துவிடும். சூடாகவே ஊற்றி, உடனே எண்ணெயை விடுங்கள். போத்தல் வெடிக்காமல் இருக்க முதலில் வெந்நீரால் அலசிக்கொள்ளுங்கள். கூரைக்கு அடிக்கும் ஆணிகள் வேண்டாம், அவற்றில் நாக (சிங்க்) முலாம் இருக்கும், கறள் பிடிக்காது. புது ஆணியில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அரத்தாளால் உரசிவிட்டுப் போடுங்கள்.

## எரிந்தது எங்கே போனது?

கறள் பிடித்த ஆணி இலேசாகிவிடும் என்பது பொதுவான நினைப்பு. உதிர்ந்தது எல்லாவற்றையும் கூட்டி நிறுத்தால் எடை கூடியிருக்கும். நீரைக் கணக்கில் எடுக்காமலே, 112 கிராம் இரும்பு 48 கிராம் ஒட்சிசனைச் சேர்த்து 160 கிராம் ஒட்சைட்டாகும். மூடிய பாத்திரத்தில் நடக்கும் எந்த இரசாயன மாற்றத்திலும் மொத்தத் திணிவு கூடவும் மாட்டாது குறையவும் மாட்டாது. பிரெஞ்சு விஞ்ஞானி இலவோசியே 18ஆம் நூற்றாண்டில் தராசைக் கொண்டு நிலைநாட்டியது இது.

விறகில் மட்டும் ஏன் ஒருபிடி சாம்பல்தான் மிஞ்சுகிறது? மீதி வாயுவாகப் போய்விட்டது. சமையல் வாயுச் சிலிண்டரில் கணக்கு இன்னும் தெளிவு. 12.5 கிலோ வாயு முழுதும் எரிய, காற்றிலிருந்து சுமார் 45 கிலோ ஒட்சிசனை எடுக்கிறது. வெளியே போவது ஏறத்தாழ 38 கிலோ காபனீரொட்சைட்டு, 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவான நீராவி. சிலிண்டர் வெறுமையாகிறது, அடுப்படிக் காற்றோ அதைப்போல நாலைந்து மடங்கு பாரத்தைச் சுமந்து வெளியேறுகிறது. யன்னலைத் திறந்து வைக்கச் சொல்வது சும்மா அல்ல. சிலிண்டருக்குள் திரவம் வாயுவாவது பௌதிகம், அடுப்பில் எரிவது இரசாயனம். மெழுகுதிரியிலும் இந்த இரட்டை வேலை ஒன்றாக நடக்கிறது: மெழுகு உருகுவது ஒன்று, திரியில் எரிவது இன்னொன்று.

வெற்றிலைச் சுண்ணாம்பில் இதே கணக்கு ஒரு வட்டமாகவே சுழலும். 100 கிராம் சிப்பியை, அதாவது கல்சியம் காபனேற்றை, சூளையில் சுட்டால் 44 கிராம் காபனீரொட்சைட்டுப் போய் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு நிற்கும். அதில் நீர் ஊற்றினால் கொதிகொதித்து 18 கிராம் நீரைப் பிணைத்து 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பாகும். அதைச் சுவரில் பூசினால், காற்றின் காபனீரொட்சைட்டை மெல்ல எடுத்து, நீரை விட்டுவிட்டு, மறுபடி 100 கிராம் கல்சியம் காபனேற்று. வெள்ளையடித்த சுவர் இறுகுவது இப்படித்தான். சிப்பி சிப்பியின் பொருளுக்கே திரும்பிவிட்டது. மூன்றும் இரசாயன மாற்றங்கள்.

## சீமெந்து காய்வதில்லை

சிலாப் போட்ட மறுநாள் மேசன் “ஏழு நாளைக்கு விடாமத் தண்ணி அடியுங்கோ, சாக்குப் போட்டு மூடுங்கோ” என்பார். காய வேண்டிய பொருளுக்கு ஏன் தண்ணீர்? இறுகுவது காய்வதால் அல்ல என்பதால்தான். சீமெந்திலுள்ள கல்சியம் சிலிக்கேற்றுகள் நீரோடு இரசாயன முறையில் பிணைந்து, கல் போன்ற புதிய சேர்வைகளாகின்றன. சூடும் வெளிவரும். துறைமுகத்தில் கடலுக்கு அடியில் போடும் கொங்கிறீற்றும் இறுகுவது இதனால்தான். வெயிலில் நீர் பறந்துவிட்டால் தாக்கம் பாதியில் நிற்கும். மேற்பரப்பு வெடிக்கும், மாவாய் உதிரும்.

50 கிலோப் பையிலுள்ள சீமெந்து தன்னோடு பிணைத்துக்கொள்ளும் நீர் 12 லீற்றர் அளவில். குழைக்க வசதியாக 20 முதல் 25 லீற்றர்வரை விடலாம். அதற்கு மேல் “இளக்கமா இருக்கட்டும்” என்று ஊற்றும் ஒவ்வொரு வாளியும் பின்னால் ஆவியாகித் துளைகளை விட்டுப் போகும், பலம் இறங்கும். வலிமையை 28ஆம் நாளில் சோதிப்பதும் தாக்கம் மெல்ல நடப்பதால்தான்.

மாரியில் மூலையில் கிடந்த சீமெந்துப் பை கட்டிபட்டுவிட்டது. பக்கத்தில் உப்புப் பையும் கட்டிபட்டுவிட்டது. உப்பை வெயிலில் போட்டு நொறுக்கினால் பழைய உப்பு. சீமெந்துக் கட்டியைக் கையால் அழுத்தி மாவாகாவிட்டால், இடித்து அரித்துப் பயன்படுத்த நினைக்க வேண்டாம். காற்றின் ஈரத்தோடு தாக்கமுற்ற பகுதி இனிச் சீமெந்தே அல்ல, அது பலம் தராது. பையைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கம்பி போட்ட கொங்கிறீற்றைக் கடல்நீரில் குழைக்கக் கூடாது, கழுவாத கடல்மணலும் கூடாது. கொங்கிறீற்று இறுகத்தான் செய்யும், முதல் சில வருடம் ஒன்றும் தெரியாது. கொங்கிறீற்றின் காரத்தன்மை கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை உடைக்கும். பிறகு கம்பி கறள் பிடிக்கும். கறளுக்கு இரும்பைவிடக் கூடுதல் இடம் வேண்டும். அது உள்ளிருந்து நெருக்க, கம்பி ஓடும் வரிசையிலேயே சிலாப் வெடித்து, செங்கறை படிந்த துண்டு துண்டாகக் கழன்று விழும்.